காமனை எழுப்பாத வீட்டிலிருந்து

மகன்,

சுகம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பார்கள். வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, நாய் இரண்டு குட்டி போட்டிருக்கிறது, கச்சான் கடலை பிடுங்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். நீயும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுத்து, "சாப்பிட்டீங்களோ அப்பா, குளிசை போட்டீங்களோ" என்று கேட்கிறாய். நானும் ஓம், ஓம் என்கிறேன். பிறகு நீ கொழும்பில் உன் வேலையைப் பார்க்கிறாய், நான் இங்கே பளையில் அடுப்பை மூட்டுகிறேன். போனில் சொல்லப்போனால் எனக்கு வாய் வராத கதை ஒன்று இருக்கிறது. அதனால்தான் உன்னுடைய பழைய கொப்பியில் மிஞ்சிக் கிடந்த தாள்களில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தேங்காய் உரித்த கை.

நேற்று வியாழக்கிழமை காலை முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தபோது தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. உன் வருங்கால மாமனார். நல்ல மனிதர் என்பது குரலிலேயே தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் மண்டபம் எடுத்தாயிற்று, ஐயருக்கும் சொல்லியாயிற்று என்றார். எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று கேட்டார். "நான் ஒராள்தான்" என்றேன்.  பிறகு அவர், பாவம், மனம் நோகக்கூடாது என்று மெல்லமாகத்தான் கேட்டார்: "தம்பி சொன்னவர், உங்களுக்குச் சொந்த இடம் கனகராயன்குளம் எண்டு. நானும் அங்கை தபாற்கந்தோரிலை ரெண்டு வருசம் இருந்தனான். கனபேரைத் தெரியும். நீங்கள் ஆற்றை பகுதி?"

யாருடைய ஆட்கள் என்ற இந்தக் கேள்வி வரும் என்று உனக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு முன்னர் நீயே சொன்னாய்: "அப்பா, அவையள் கேட்டால் கனகராயன்குளம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதுக்கு அங்காலை கதைக்காதேங்கோ. முதல் கலியாணம் முடியட்டும்." நீ கட்டப்போகிற அந்தப் பிள்ளைக்காவது தெரியுமா என்று கேட்டேன். நீ, லைன் கிளியர் இல்லை அப்பா என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது, மகன். உன் பக்கத்தில் மின்விசிறி சுற்றுவதுகூட எனக்குக் கேட்டது. மாமனாருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இப்போது உனக்கு நெஞ்சு படபடக்கும். பதறாதே, கடைசியில் எழுதுகிறேன். கடைசித் தாளை முதலில் பார்க்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியும், ஆனால் இதை மட்டும் வரிசையாகப் படி. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. உனக்கு அவரை அப்பப்பா என்று சொல்லித் தந்தேன், அதுவும் பளைக்காரர் சொல்வதைக் கேட்டு. எங்கள் வாயில் அவர் தாத்தாதான். பெயர் கறுப்பையா. மலையில் தேயிலைச் செடிகளை நறுக்கிக் கவ்வாத்து வெட்டியவர். அவருக்கு மீசை என்றால் உயிர், ஆனால் மாசி பிறந்தால் அதை மழித்துவிடுவார். அந்த மாதத்தில்தான் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. ரதி வேஷம் அவருக்கு. தவத்தில் இருக்கிற சிவன்மேல் காமன் பூ அம்பு விடுவதும், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனைச் சாம்பலாக்குவதும், ரதி அழுது மன்றாடியதும் சிவன் மனமிரங்கி உயிர் கொடுப்பதும்தான் கதை. உயிர் வந்தாலும் காமன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், வேறு ஒருவருக்கும் தெரியமாட்டான். எங்களுக்கு அது பொழுதுபோக்கு இல்லை, விரதம். ஆடுகிறவர்கள் கையில் காப்புக் கட்டுவார்கள். காமனை எரித்த மூன்றாம் நாள் காலை, காமனாக ஆடியவனை உட்காரவைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவார்கள். "வந்தேன்" என்று அவன் எழும்ப வேண்டும். அதுவரைக்கும் அவன் தன் வீட்டில் கைநனைக்க மாட்டான். எரித்தவனை எழுப்பாமல் விட்டால் அந்த வீட்டில் ஒருவன் இருந்தும் இல்லாதவனாகப் போவான் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

மலையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு ஒரு லொறியில் வன்னிக்கு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. உன் அம்மாவும் அதே லொறியில் வந்தவள்தான், வழியெல்லாம் சத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். அதைச் சொல்லிச் சாகும்வரை அவளைப் பகிடி பண்ணினேன். கனகராயன்குளத்துப் பக்கம் காட்டை வெட்டிக் குடியிருந்தோம். அடுத்த மாசியில் தாத்தா வழக்கம்போல மீசையை மழித்துக்கொண்டு, வளவில் காமன் கம்பையும் நட்டுவிட்டு நின்றார். பள்ளிக்கூடத்தில் பெடியள் என்னைப் பார்த்து மூக்குக்குக் கீழே விரலால் தடவிக் காட்டிச் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து, "அப்பா, இங்க அத ஆடாதீங்க. மானம் போகுது" என்றேன். அவர் "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். கம்பைப் பிடுங்கிப் புடலங்கொடிப் பந்தலுக்குக் காலாக ஊன்றினார். அதற்குப் பிறகு எந்த மாசியிலும் அவர் மீசையை மழிக்கவில்லை. ஏசியிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும். இரண்டு கிழமைக்கு முன்னர் நீ போனில் சொன்னதும் அதே கதைதான், கொஞ்சம் மரியாதையாகச் சொன்னாய். எனக்கு வேறு என்ன பதில் வரும்? ஓம் என்றேன்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே விட்டபோது கனகராயன்குளத்துக்குத் திரும்பிப் போயிருக்கலாம். நான்தான் பளைக்குப் போவோம் என்றேன். தென்னந்தோட்டத்தில் காவல் வேலை கிடைத்தது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. பளையில் எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அக்கம்பக்கம் எல்லாம் யாழ்ப்பாணத்து ஆட்கள். சொந்த இடம் எது என்று கேட்டால் கனகராயன்குளம் என்று சொல்லிவிடலாம், அதற்கு முந்தின தேயிலைத் தோட்டத்தை யார் தோண்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஆமா என்பதை விட்டு ஓம் என்று பழகினேன். உன் அம்மாவுக்கும் பழக்கினேன். நீ பள்ளிக்கூடம் போனபிறகு, தோட்டத்தில் நாங்கள் இருவரும் தனியே நிற்கும்போது மட்டும் எங்கள் பேச்சு வெளியே வரும். "மெதுவா பேசுங்க, தென்னமரத்துக்கும் காது இருக்கு" என்று அவள் சிரிப்பாள். நீ சைக்கிளில் வரும் சத்தம் கேட்டதும் இருவரும் பழையபடி யாழ்ப்பாணத்தார் ஆகிவிடுவோம். எங்கள் பிள்ளையிடமிருந்தே எங்களை ஒளித்தோம். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேறு உண்டா?

இந்தக் கோலத்தில்தான் நீ ஒன்பதாம் வகுப்பில் நடனம் எடுத்தாய். இருபது பெண்பிள்ளைகளுக்கு நடுவே நீ ஒருவன். நான் அடிப்பேன் என்று பயந்து அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாய். நான் அடிக்கவில்லை. நீ முற்றத்தில் அரைமண்டியில் இருந்து அடவு போடுவதைக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றது உனக்குத் தெரியாது. முழங்காலை அகட்டி, முதுகை நிமிர்த்தி, கழுத்தைக் கொஞ்சம் சரித்து நீ நின்றாய். அது அப்படியே தாத்தா. ஒருவரும் சொல்லித் தரவில்லை, உடம்பு தானாக எடுத்துவந்திருக்கிறது. வலயப் போட்டிக்குக் காமதகனம் நாட்டிய நாடகம், நான்தான் மன்மதன் என்று நீ வந்து சொன்ன அன்று, உன் அம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் எழும்பிப்போய் மூங்கில் வெட்டிவந்து கரும்பு மாதிரி வில் செய்தேன். ஐந்து அம்புக்கும் ஐந்து விதமான பூ. நடனம் சொல்லித் தந்த ரீச்சர் அதிசயப்பட்டு, ஆர் செய்து தந்தது என்று கேட்டதாகவும், எங்கட அப்பா என்று நீ சொன்னதாகவும் வந்து சொன்னாய். உன் முகத்தில் இருந்த பெருமையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்லும்போது பார்க்கவில்லை என்று சொல்ல வந்தேன்.

கிளிநொச்சியில் மண்டபம் நிறைந்த சனம். நானும் அம்மாவும் நாலாவது வரிசையில் இருந்தோம். நீ மேடைக்கு வந்தாய். சலங்கை ஒரு சத்தம் பிசகவில்லை. ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, வில்லை நாண் ஏற்றி, அம்பை விடுவதா வேண்டாமா என்று நீ ஒரு கணம் தயங்கிக் காட்டினாய் பார், என் பிள்ளையா இது என்று இருந்தது. சிவனாக இருந்த பிள்ளை கண்ணைத் திறந்தாள். சிவப்புத் துணிகளோடு நாலு பிள்ளைகள் உன்னைச் சுற்றி வந்தார்கள். நீ சுழன்று சுழன்று விழுந்தாய். உன்மேல் சாம்பல் நிறத் துணியை மூடினார்கள். ரதியாக ஆடிய பிள்ளை தலைவிரித்து அழுதாள். திரை மூடத் தொடங்கியது, கைதட்டல் கேட்டது. போட்டிக்கு நேரக் கட்டுப்பாடு, அதனால் தகனத்தோடு முடித்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. திரை பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. நீ துணிக்குக் கீழே அசையாமல் கிடந்தாய். ரீச்சர் அசையாதே என்று சொல்லியிருந்தார், நீ அசையவில்லை. எனக்கு அந்தத் துணியைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை.

எழும்பிவிட்டேன். உன் அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தது தெரியும். "என்னங்க இது! புள்ளய எரிச்சுப்புட்டு அப்புடியே விட்டுட்டுப் போறீங்க? எழுப்புங்க! எழுப்பாம ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது!" என்று கத்திக்கொண்டு மேடையில் ஏறினேன். எத்தனையோ வருடமாக அடக்கி வைத்த பேச்சு அத்தனை பேருக்கு முன்னால் வெளியே வந்தது. துணியை இழுத்து எறிந்துவிட்டு உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். சனம் முதலில் திகைத்தது, பிறகு சிரித்தது. முன்வரிசையில் ஒருவர், "தோட்டக்காட்டுக் கதைபோலை கிடக்கு" என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார், மலையிலிருந்து வந்தவர்களை இளக்காரமாகச் சொல்லும் அந்தச் சொல் மேடை வரை கேட்டது. உனக்கும் கேட்டது. சிவனாக இருந்த பிள்ளை அழத் தொடங்கினாள். உங்களுக்கு இரண்டாம் இடம். நான் ஏறாமல் இருந்திருந்தால் முதலாம் இடம் வந்திருக்குமோ என்னவோ. வரும் வழியில் பஸ்ஸில் உன் அம்மா, "வாய அடக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று என்னைக் கிழித்தாள். கொஞ்சத் தூரம் போனதும் மெல்லமாக, "ஆனா நீங்க சொன்னது சரிதான்" என்றாள்.

இதைத்தான் நான் செய்த பிழை என்று நீ இதுவரை நினைத்திருப்பாய். இல்லை, மகன். பிழை மூன்றாம் நாள் நடந்தது. அன்று காலை உன் அம்மா செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, "எழுப்புங்க, பாதியில நிக்குது" என்றாள். நான் செம்பைத் தொடுவதற்குள் படலையில் ரீச்சர் வந்து நின்றார். ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, "ஐயா, நீங்கள் அண்டைக்குச் சொன்ன முடிவு எனக்கு மனசிலை நிண்டுகொண்டே இருக்கு. அது எப்பிடிச் செய்யிறது எண்டு எனக்கும் பிள்ளையளுக்கும் சொல்லித் தருவீங்களோ? அடுத்தமுறை அதையும் சேர்த்து ஆடுவம்" என்று கேட்டார். நீ கதவோடு சாய்ந்து நின்றாய். "அப்பா, அப்பப்பா கூத்தாடினவராமே? அம்மா சொன்னவா" என்றாய். உன் கண் பளபளவென்று இருந்தது. அத்தனை பேர் சிரித்தபிறகும் உனக்கு அதில் ஆசை விட்டுப்போகவில்லை. ஒரு ஓம் சொல்லியிருந்தால் போதும். நானோ முன்வரிசையில் இருந்தவரின் சொல்லை நினைத்தேன். "எனக்கு ஒண்டும் தெரியாது ரீச்சர். அண்டைக்கு ஏதோ கோவத்திலை கத்திப்போட்டன். இவன்ரை அப்பப்பாவுக்கு மண்வெட்டி பிடிக்க மட்டும்தான் தெரியும்" என்றேன். ரீச்சர் கதிரையை விட்டு எழும்பினார். நீ உள்ளே போய்ச் சலங்கையை அலுமாரிக்குப் பக்கத்து ஆணியில் கொளுவினாய். அடுத்த தவணை சித்திரத்துக்கு மாறிவிட்டாய். ரீச்சர் போனபிறகு, செம்பில் இருந்த மஞ்சள் தண்ணீரை நான் வாழைக்கு ஊற்றினேன். உன் அம்மா குசினிக்குள் நின்று பார்த்தாள். 

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஒரு விஷயத்தை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஆமா என்று சொல்ல எனக்கு இப்போது ஆள் இல்லை. போன மாதம் தோட்டத்தில் பாம்பைக் கண்டு "ஐயையோ, இங்கன பாரு புள்ள!" என்று கத்திவிட்டேன். கத்திய பிறகு வெட்கமாக இருந்தது, பிறகு அழுகை வந்தது. கடையில், கோவிலில், சங்கக் கூட்டத்தில் எல்லாரோடும் நன்றாகத்தான் கதைக்கிறேன். அவர்கள் கதைப்பது கனகராயன்குளத்தான் ஒருவனோடு. நான் முழுதாகத் தெரிந்தது உன் அம்மா ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும்தான். காமனுக்கு அந்த வரம் கொடுத்த சிவன், ரதி போனபிறகு காமன் என்ன செய்வான் என்று யோசிக்கவில்லைபோலும். தனிமையாக இருக்கிறது மகன். இதைப் போனில் சொன்னால் நீ லீவு போட்டுவிட்டு ஓடி வருவாய், அதனால் சொல்லவில்லை.

கலியாணம் கட்டப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். சமையலுக்கு உதவி செய். கோபத்தில் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளாதே. அவளுடைய தாய்தகப்பனைக் குறை சொல்லாதே. இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த புத்தி ஒன்றுதான், அதுவும் நான் செய்யாமல் விட்டதால் தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு முந்தியே சொல், பிந்திச் சொல்லாதே. தாலி கட்டியபிறகு சொன்னால் அது உண்மையாக இருந்தாலும் ஏமாற்று என்றுதான் அவளுக்குப் படும். சொல்லாமலே விட்டால் நீ வீட்டுக்குள் காவல்காரன் மாதிரி வாழ வேண்டும், என்னைப்போல. சொன்னால் கலியாணம் குழம்பலாம். குழம்பாது என்று நான் உனக்குப் பொய்ச் சத்தியம் பண்ண மாட்டேன். தபாற்கந்தோர் மனிதர் எவ்வளவு நல்லவர் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளையின் மனமும் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

இனி நேற்றைய பதிலுக்கு வருகிறேன். "நீங்கள் ஆற்றை பகுதி?" என்று அவர் கேட்டார். பொய் சொல்ல ஒரு பெயர் தயாராகத்தான் வைத்திருந்தேன், கனகராயன்குளத்தில் வயல் வைத்திருந்த ஒரு கமக்காரரின் பெயர். சொல்லியிருந்தால் உனக்கு அப்பன் மாறிப்போயிருப்பான். உண்மையைச் சொல்லவும் வாய் உன்னிவிட்டு நின்றது, ஏனென்றால் முந்தி ஒருதரம் மேடையில் ஏறி உன்னைக் கேட்காமல் துணியை இழுத்தவன் நான். இன்னொரு தரம் அதைச் செய்ய மனம் வரவில்லை. "அதை மகன் உங்களுக்குச் சொல்லுவார்" என்றேன். அவர், "நல்லது, அப்ப ஞாயிற்றுக்கிழமை தம்பியோடை கதைக்கிறன்" என்று வைத்துவிட்டார். பொய்யும் சொல்லவில்லை, உன்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நீ மறைத்தே ஆகவேண்டும் என்றால் மறை. நான் கலியாணத்துக்கு வந்து, பின்வரிசைக் கதிரையில் இருந்து, ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறுவேன். அதற்கும் நான் உன்னை ஏச மாட்டேன், தாத்தா என்னை ஏசவில்லை.

இன்று வெள்ளி. மாமனார் கேட்ட நேற்றிலிருந்து எண்ணினால் நாளை மூன்றாம் நாள். அந்தப் பிள்ளையிடம், என் தாத்தா பெயர் கறுப்பையா, தேயிலைத் தோட்டத்துக்காரர், மாசி மாதம் ரதியாக ஆடினவர் என்று மட்டும் சொல். சொல்லிவிட்டு எனக்கு ஒரு மிஸ்ட் கோல் அடி. அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்க மாட்டேன். அதை ஆறுதலாகச் சொல்லலாம். உன் சலங்கை இன்னும் அந்த ஆணியில்தான் கிடக்கிறது, தூசி தட்டிக் கிணற்றுக் கட்டில் வைத்திருப்பேன். பக்கத்தில் செம்பில் மஞ்சள் தண்ணீர் இருக்கும். போன் அடித்ததும் தெளித்து, உன் பெயரை எங்கள் பேச்சில், உரக்க, பளை முழுக்கக் கேட்க மூன்று தரம் கூப்பிடுவேன். அடிக்காவிட்டால் பொழுதுபடும்வரை அங்கேயே இருப்பேன். இந்தத் தடவை வாழைக்கு ஊற்ற மாட்டேன்.

அப்பா